45 குதிரை இழுக்கும், 130 குதிரை புதையும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே பட்டிபுலம், தேவனேரி, தெற்கே கொக்கிலமேடு. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மீனவர் குப்பங்கள். இந்தக் கரையில் பல இடங்களில் இப்போது படகைக் கரையேற்றுவது டிராக்டர். அலை விளிம்பில் வந்து முட்டி நிற்கும் ஃபைபர் படகுக்கு ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், வயலுக்கென்று செய்யப்பட்ட, நாற்பது நாற்பத்தைந்து குதிரைத்திறன் உள்ள, உப்புக்காற்றில் பாதி துருப்பிடித்த டிராக்டர். புகையைக் கக்கிக்கொண்டு அது மெல்ல நகரும். படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்ந்து மணல்மேட்டில் ஏறிவிடும்.

அதே மணலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு காட்சியும் உண்டு. சென்னையிலிருந்து வந்த பெரிய எஸ்யூவி ஒன்று, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலருகே நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையில் கீழே இறங்கும். பத்தடி போகும், இருபதடி போகும். பிறகு சக்கரம் சுழலும், மணல் பறக்கும், வண்டி வயிறு தட்ட உட்கார்ந்துவிடும். 130 குதிரைத்திறன் உள்ளே உறுமிக்கொண்டிருக்க, அதைக் கயிறு கட்டி வெளியே இழுத்துப் போடுவது அந்த 45 குதிரை டிராக்டர்தான். கூலியும் சும்மா இல்லை.

மூன்றில் ஒரு பங்கு திறனுள்ள எஞ்சின் எப்படி ஜெயிக்கிறது? "டிராக்டருக்கு டயர் பெருசுங்க" என்று கரையில் நிற்பவர்கள் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அது பதிலின் கடைசித் துண்டு. முதல் துண்டு வண்டியின் அடியில், எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும் சில பற்சக்கரங்களில் இருக்கிறது.

திறன் வேறு, விசை வேறு

ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்பதற்காக, ஆலைகளில் செக்கு சுற்றிய குதிரைகளோடு அதை ஒப்பிட்டுக் காட்டினார். அங்கிருந்து வந்தது குதிரைத்திறன். இன்று புழக்கத்தில் உள்ள மெட்ரிக் கணக்கில் ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்குவது. இந்த வரையறையில் எடை மட்டும் இல்லை, வேகமும் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதே திறன். ஆகவே ஒரே திறனை இரண்டு விதமாகச் செலவழிக்கலாம்: வேகமாக ஓடி லேசாக இழுக்கலாம், மெதுவாக ஊர்ந்து பலமாக இழுக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 குதிரைத்திறன் முழுவதையும் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செலவழித்தால் சக்கரங்கள் தரையைத் தள்ளும் விசை சுமார் 350 கிலோ. 45 குதிரைத்திறனை மணிக்கு இரண்டரை கி.மீ. வேகத்தில் செலவழித்தால் ஏட்டுக்கணக்கில் நான்கே முக்கால் டன்னுக்கு மேல்! உராய்வில் கொஞ்சம் வீணாகும், அது கிடக்கட்டும். எஞ்சின் எவ்வளவு பெரியது என்ற கேள்வியை இங்கே ஓரமாக வைத்துவிடலாம். நடை வேகத்தில், அதற்கும் கீழே, அந்த எஞ்சினால் தன் திறனைத் தரையில் இறக்க முடிகிறதா என்பதே மணலில் எழும் கேள்வி.

எஞ்சினுக்கு அது தானாக வராது. ஒரு டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600, 700 சுற்றுக்குக் கீழே போனால் நின்றுவிடும். நன்றாக இழுக்க வேண்டுமென்றால் 1500, 2000 சுற்று வேண்டும். அந்தச் சுற்றை நேரே சக்கரத்தில் மாட்டினால் வண்டி ராக்கெட்டாக வேண்டும், அல்லது எஞ்சின் அணைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு தரகர் தேவை. அவர்தான் பற்சக்கரம்.

பற்களை எண்ணுங்கள்

10 பல் உள்ள சின்னச் சக்கரம் 40 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னது நான்கு முறை சுற்றினால்தான் பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் நான்கில் ஒன்றாகிவிட்டது. ஈடாக, பெரிய சக்கரத்தின் தண்டைத் திருப்பும் பலம் நான்கு மடங்காகிவிட்டது. இந்த 40க்கு 10, அதாவது 4, என்ற எண்தான் பற்சக்கர விகிதம். பட்டறைகளில் 'கியர் ரேஷியோ'.

திருக்கழுக்குன்றத்திலோ வேறு ஊரிலோ தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நிலையில் நிற்கும் தேர் வடத்தை மட்டும் இழுத்தால் அசையாது. பின்சக்கரத்துக்கு அடியில் நீளமான கட்டையைக் கொடுத்து நெம்புவார்கள். கட்டையின் நுனி ஓர் ஆள் உயரம் இறங்கும், சக்கரம் நாலு விரற்கடை நகரும். பற்சக்கரம் என்பது முடிவில்லாமல் தொடரும் நெம்புகோல். ஒரு பல் தன் வேலையை முடித்து விலகும்போதே அடுத்த பல் நெம்பத் தொடங்கியிருக்கும்.

இனி வரும் கணக்குக்கு இன்னொரு சொல் மட்டும் வேண்டும்: திருப்புவிசை. தண்டில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் குறுக்காகப் பொருத்தி, அதன் நுனியில் எத்தனை கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் தண்டு தாக்குப்பிடித்துத் திருப்புகிறதோ அதுவே அதன் திருப்புவிசை. விளம்பரங்களில் 'டார்க்' என்று போடுவது இதைத்தான்.

மூன்று இடத்தில் பெருக்கல்

சாதாரணக் காரில் இந்தக் குறைப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது. முதலாவது எல்லாருக்கும் தெரிந்த கியர்பாக்ஸ். கை வைத்து மாற்றுவது. இரண்டாவது அச்சில், ஓட்டுநரின் கைக்கு எட்டாத, மாறாத ஒரு விகிதம். காடு மேட்டில் ஓட்டச் செய்யப்பட்ட வண்டியில் இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பெட்டி உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸ். தமிழில் 'பகிர்வுப் பெட்டி' எனலாம். எஞ்சின் பலத்தை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்வது அதன் முதல் வேலை. இன்னொரு குட்டி லீவரைத் தட்டினால் மொத்த வேகத்தையும் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைப்பது இரண்டாவது வேலை. அந்த லீவருக்குப் பக்கத்தில் '4 எல்' என்று பொறித்திருப்பார்கள். வண்டியை வாங்கியவர்களில் பலர் கடைசிவரை தொடாத லீவர் அது.

டிராக்டரில் இன்னும் ஒரு படி கூடுதல். கியர்பாக்ஸ், ஹை-லோ லீவர், அச்சின் நடுவே ஒரு குறைப்பு, அதற்குப் பிறகு சக்கரத்தை ஒட்டி மறுபடி ஒரு குறைப்பு. முதல் கியரில், லோவில், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஆளுயரத்தை நெருங்கும் அந்தப் பின்சக்கரம் பத்துச் சுற்றுதான் சுற்றும். மொத்த விகிதம் 200 வாக்கில்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இவையெல்லாம் தொலைதூரச் சங்கதி அல்ல. பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள் 2012ல் திறக்கப்பட்ட மகிந்திரா ரிசர்ச் வேலியில் டிராக்டர், ஜீப் இரண்டுக்குமான பொறியாளர்கள் ஒரே வளாகத்தில் வேலை செய்கிறார்கள். 2020ல் வந்த இரண்டாம் தலைமுறை 'தார்' ஜீப் அங்கே உருவானதுதான். கொஞ்சம் வடக்கே, மறைமலை நகரில், ஃபோர்டு எண்டெவர் என்ற கனத்த வண்டி பல ஆண்டுகள் தயாரானது. அதன் நான்கு சக்கர மாடல்களிலும் '4 எல்' உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் நம்மைக் கடந்து போகும் வண்டிகளில் எத்தனையோ, பிறந்த ஊரிலேயே மணலில் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு பழைய ஜீப்பைப் பிரித்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்குப் புது வண்டி வேண்டாம். அதில் மின்னணுச் சங்கதிகள் நிறைய. எல்லாவற்றுக்கும் மூதாதையான வில்லிஸ் எம்பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து இதில் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. 1947ல் மகிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியதும் வில்லிஸ் ஜீப்பைத்தான். எஞ்சின் வெறும் 60 குதிரைத்திறன். இன்றைய நடுத்தரக் கார் எதுவும் இதைப் பார்த்துச் சிரிக்கும்.

அதன் எஞ்சின் 2000 சுற்றில் தரும் உச்சத் திருப்புவிசை சுமார் 14.5 கிலோ, ஒரு மீட்டர் கம்பியில். இனி பெருக்கிக்கொண்டே போவோம்.

கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 2.665. அதைத் தாண்டியதும் 14.5 கிலோ கிட்டத்தட்ட 39 கிலோ ஆகிறது. 2000 சுற்று 750 சுற்றாகிறது. பகிர்வுப் பெட்டியில் லோ விகிதம் 1.97. இப்போது 76 கிலோ, 381 சுற்று. அச்சின் விகிதம் 4.88. முடிவில் 371 கிலோ. சக்கரம் நிமிடத்துக்கு 78 சுற்று. மூன்று எண்களையும் பெருக்கினால் 25.6. இதற்கு ஆங்கிலத்தில் ஊர்தல் விகிதம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே 'ஊர்தல் விகிதம்' என்போம். ஜீப் பித்துப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்ளும் எண் இது.

இன்னும் ஒரு படி பாக்கி. 371 கிலோ என்பது ஒரு மீட்டர் கம்பி நுனியில். ஆனால் டயர் தரையைத் தொடுவது அச்சிலிருந்து 36 செ.மீ. தூரத்தில்தான். கம்பி குட்டையானால் நுனியில் விசை கூடும். 371ஐ 0.36ஆல் வகுத்தால் 1030 கிலோ. ஜீப்பின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான்! பற்சக்கர உராய்வில் பத்துப் பதினைந்து சதவீதம் போனாலும், தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான விசையோடு அது தரையைத் தள்ளுகிறது. பிடிமானம் மட்டும் இருந்தால் செங்குத்துச் சுவரையே முயன்று பார்க்கலாம் என்ற நிலை.

அதே ஜீப்பை டாப் கியரில் போட்டு, லோ லீவரையும் விடுவித்தால் அச்சின் 4.88 மட்டும்தான் மிஞ்சும். தள்ளும் விசை 200 கிலோவுக்குச் சற்றுக் கீழே. வேகமோ மணிக்கு 55 கி.மீ. எஞ்சின் அதே 2000 சுற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து மடங்கு விசையைக் கொடுத்து ஐந்து மடங்கு வேகத்தை வாங்கியிருக்கிறோம், அவ்வளவே.

நடை வேகத்தில் பலம்

இந்தக் கணக்கில் என்னை அதிகம் கவர்வது 1030 அல்ல. லோவில், முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு எஞ்சினை 600 சுற்றில் சும்மா ஓடவிட்டால் ஜீப் போகும் வேகம் மணிக்கு 3.2 கி.மீ. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதைவிட வேகமாக நடப்பார்கள். அந்த வேகத்திலும் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கிறது, எஞ்சின் அணையவில்லை.

இப்போது லோ இல்லாத ஒரு சாதாரணக் காரைப் பாருங்கள். முதல் கியரும் அச்சும் சேர்ந்து அதன் மொத்த விகிதம் 14 வாக்கில் இருக்கும். எஞ்சின் நன்றாக இழுக்கும் 2000 சுற்றில் அது மணிக்கு 15 கி.மீ. போயாக வேண்டும். மணலில் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது அந்த வேகம் ஏது? ஓட்டுநர் எஞ்சினைக் கத்தவிட்டு, பாதிக் கிளட்ச்சில் வைத்து, பலத்தைத் தவணை தவணையாக இறக்கப் பார்ப்பார். கிளட்ச் தீயும் நாற்றம் வரும். பொறுமையிழந்து காலை எடுத்ததும் அத்தனை விசையும் ஒரே அடியாகச் சக்கரத்தில் இறங்கும். மணல் அந்த அடியைத் தாங்காது. சக்கரம் நின்ற இடத்திலேயே தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும்.

ஆக, பெரும்பாலும் புதைவதற்குக் காரணம் விசைப் பற்றாக்குறை என்பதைவிட, விசையை மெதுவாக இறக்க முடியாமல் போவதுதான். இதனாலேயே லோ கியரைப் 'பவர் கியர்' என்று நினைப்பதை நான் ஏற்பதில்லை. அது நிதானம் தரும் கியர். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே. பெருக்கல் அங்கே தலைகீழாக நடந்து, எஞ்சினின் தடை சக்கரத்தில் பலமடங்காகிறது.

இன்றைய தாரில் லோ விகிதம் 2.48, டீசல் எஞ்சினின் திருப்புவிசை வில்லிஸைப்போல இரண்டு மடங்கு. ஆனாலும் லீவர் 'டூ வீல்' நிலையிலேயே கிடந்தால் இந்த எண்களில் பாதி வீண்.

அச்சுக்குள்ளே என்ன இருக்கிறது?

மாட்டுவண்டியில் அச்சு சுற்றாது. சக்கரம் மட்டும் அச்சின் மேல் சுற்றும், கடையாணி அதைக் கழன்றுவிடாமல் காக்கும். எஞ்சின் வண்டியில் அச்சே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதற்காக அச்சை நடுவில் வெட்டி இரண்டு அரைத் தண்டுகளாக்கி, இரும்புக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஜீப்பின் பின்னால் குனிந்து பார்த்தால் நடுவில் பூசணிக்காய் பருமனில் ஓர் உருண்டை தெரியும். எல்லாக் காரியமும் அதற்குள்தான்.

எஞ்சின் பக்கமிருந்து நீளவாட்டில் வரும் தண்டின் பெயர் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் நுனியில் சின்னப் பற்சக்கரம், பினியன். அது கடிப்பது தட்டுபோன்ற பெரிய பற்சக்கரத்தை. அதற்கு கிரௌன் வீல் என்று பெயர். நீளவாட்டில் வந்த சுழற்சி இங்கே குறுக்குவாட்டுக்குத் திரும்புகிறது. கூடவே வேகமும் குறைகிறது. வில்லிஸில் பினியனுக்கு 8 பல், கிரௌன் வீலுக்கு 39 பல். 39ஐ 8ஆல் வகுத்தால் 4.875. மேலே சொன்ன 4.88 வந்த வழி இதுதான்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் உருண்டையைத் திறக்காமலே இந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம். சமதரையில் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் போட்ட கோடு எத்தனை முறை வருகிறதென்று ஒருவர் எண்ண வேண்டும். ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88. ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38, பின்னாளில் வந்த சிஜே-3பி ஜீப்புகளின் அச்சு அது, 43க்கு 8. ஏன் இரண்டு சுற்று, ஒன்று போதாதா என்று கேட்டால், அடுத்த பகுதிக்கு வந்துவிட்டோம் என்று பொருள்.

சரிபாதி என்னும் வம்பு

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். வில்லிஸின் இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.24 மீட்டர், அது ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 7.8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வேடிக்கை என்னவென்றால் வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் அதே 7.8 மீட்டர்தான். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஏதாவதொரு டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும்.

இதற்கு விடையாகக் கிரௌன் வீலின் வயிற்றுக்குள் நாலைந்து குட்டிப் பற்சக்கரங்களை வைத்தார்கள். டிஃபரென்ஷியல் என்பது இதன் பெயர். 'வேறுபாட்டுப் பற்சக்கரம்' என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது அனுமதிக்கிறது. இரண்டின் சராசரி கிரௌன் வீலின் வேகத்துக்குச் சமமாக இருந்தால் போதும். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, மற்றது இரண்டு சுற்றுச் சுற்றினால் சராசரி ஒன்று. ஜாக்கிச் சோதனையில் இரண்டு சுற்று கேட்டதன் காரணம் இதுவே.

வேகத்தில் இவ்வளவு தாராளம் காட்டும் டிஃபரென்ஷியல் திருப்புவிசையில் மட்டும் கறார். இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சரிபாதி. ஒரு சக்கரம் ஈரமான கெட்டி மணலில், மற்றொன்று பொடிமணலில் என்று வைப்போம். பொடிமணலில் உள்ளது வழுக்கிச் சுழலத் தொடங்குகிறது. சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் விசையும் பிறக்காது. அதற்கு வெறும் 20 கிலோதான் போகிறதென்றால், சரிபாதி விதிப்படி கெட்டித் தரையில் நிற்கும் நல்ல சக்கரத்துக்கும் அதே 20 கிலோதான். மீதி எஞ்சின் பலமெல்லாம் மணலை வாரி இறைக்கும் வேலைக்குப் போகிறது. கரையில் நிற்பவர்கள் "ஒரு வீல் சும்மா சுத்துது பாருங்க, இன்னொன்னு நிக்குது" என்று கத்துவது இந்தக் கணத்தில்தான். நாலு சக்கரம் உள்ள வண்டி, இயங்குவதென்னவோ வழுக்கும் ஒரே சக்கரத்தின் தயவில்.

டிராக்டர் ஓட்டுபவரின் காலடியில் இதற்கு மருந்து உண்டு. இருக்கைக்குக் கீழே சின்ன மிதி ஒன்று; மிதித்தால் டிஃபரென்ஷியல் பூட்டிக்கொள்ளும், இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டாகிவிடும். இப்போது பிடிமானம் உள்ள சக்கரம் தன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் இழுக்கும். சேற்று வயலுக்கென்று வைத்த மிதி கடற்கரை மணலிலும் கைகொடுக்கிறது. தாரின் சில மாடல்களில் பின்னச்சுக்கு இதே பூட்டு தானாக விழும். ஒரு சக்கரம் மற்றதைவிட மிக வேகமாகச் சுழன்றால் உள்ளே ஒரு கொக்கி பிடித்துக்கொள்கிறது. வேறு வண்டிகளில் கணினி சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. போலியான எதிர்ப்பை உண்டாக்கி, சரிபாதி விதியை அதன் வாலைக்கொண்டே மடக்கும் தந்திரம். மலிவானது. ஆழமான மணலில் பிரேக் சூடேறுவதுதான் மிச்சம். எனக்கு அந்தக் கால்மிதிதான் பிடித்திருக்கிறது.

நான்கு சக்கரமும் சேரும்போது

'4' என்று லீவரைப் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் பகிர்வுப் பெட்டியில் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. மணலுக்கு நல்லது: ஒரு டன் எடையும் இழுக்கும் சக்கரங்களின் மேல் நிற்கிறது, பாதி எடை சவாரி மட்டும் செய்வதில்லை. ஆனால் தாரிலோ பழைய ஜீப்பிலோ '4'ஐப் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. மணலில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது. வித்தியாசம் தண்டுகளில் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி குதிக்கும், கடைசியில் எங்காவது ஒரு பல் உடையும்.

அச்சின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே இரும்புக்குழாயாக இடவலம் நீளும் அச்சு கட்டை அச்சு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதைக் கீழே அழுத்தும், கரடுமுரடில் டயர்கள் தரையை விடாது. தனித்தனியாக ஆடும் சக்கரம் சாலையில் சொகுசு. ஜிம்னி என்ற வண்டியில் இரண்டு அச்சும் கட்டை. தாரில் முன்னால் சொகுசு, பின்னால் கட்டை. மணலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பாறையில் தெரியும்.

மணல் போடும் வரம்பு

வில்லிஸ் சக்கரங்கள் 1030 கிலோ தள்ளுகின்றன என்றோம். காய்ந்த கடற்கரை மணல் அதில் பாதியைக்கூடத் தாங்காது. அதற்கு முன்பே சரிந்து டயருக்கு வழிவிட்டுவிடும். விகிதங்களைப் பெருக்கிப் பெருக்கி எவ்வளவு விசை சேர்த்தாலும், செலவழிக்க முடிவது மணல் அனுமதிக்கும் அளவுதான். இனி முன்னேற வழி, மணலைத் தாங்க வைப்பது.

டயர் தரையில் பதியும் பரப்பை அதன் காற்றழுத்தமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 275 கிலோ, டயரில் 30 பவுண்டு காற்று என்றால் பதியும் பரப்பு சுமார் 130 சதுர செ.மீ. காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் அது இரண்டு மடங்கு. அதிலும் டயர் அகலவாட்டில் பெரிதாக விரியாது, நீளவாட்டில் நீண்டு படுக்கும். முன்னால் தள்ள வேண்டிய மணல்வரப்பு குறையும். பதினைந்து நிமிடம் குனிந்து காற்றைப் பிடுங்குவது ஐம்பது குதிரைத்திறனைக் கூட்டுவதைவிடப் பயன் தரும். சாலை ஏறியதும் மறுபடி அடைத்துவிட வேண்டும், இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கும். வயலில் ஓடும் டிராக்டரின் பின்டயரில் இருப்பதே 15 பவுண்டுக்குக் கீழேதான். அதற்குள் பலர் தண்ணீர் வேறு நிரப்பி எடை ஏற்றியிருப்பார்கள். படகு பின்னால் கனக்கக் கனக்க முன்பக்கம் லேசாகி, பாரம் அந்தப் பெரிய சக்கரங்களின் மேலேயே வந்து உட்காரும்.

மணலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அலை வந்து வடிந்த பட்டை கெட்டியாக இருக்கும். மணிகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி இழுத்துப் பிடிக்கிறது. அதை நம்பி இன்னும் நாலடி கடல் பக்கம் போனால், நீர் நிறைந்த மணல் சக்கர அதிர்வில் கூழாகிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுவதும் இந்தக் கரையில்தான்; கடலைத் தேடி ஊரும் குஞ்சுகள் ஆழமான டயர்த் தடத்தில் விழுந்தால் ஏற வழியில்லை. உண்மையில் படகு இழுக்கும் டிராக்டரைத் தவிர இங்கே எந்த வண்டிக்கும் வேலை இல்லை. பழக வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய தனியார் திடல்களுக்குப் போவதே முறை.

டயரை மாற்றினால் கியரும் மாறும்

ஜீப் வாங்கியதும் பலர் முதலில் செய்வது பெரிய டயர் போடுவது. பார்க்க மிடுக்காக இருக்கும். அடியில் இடைவெளியும் கூடும். கணக்கு என்ன ஆகிறது?

வில்லிஸில் 72 செ.மீ. விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 80 செ.மீ. டயர் மாட்டுகிறோம். அச்சுக்கும் தரைக்கும் இடையே தூரம் 36லிருந்து 40 செ.மீ. ஆகிறது. அதே 371 கிலோவை இப்போது 0.40ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 930. நூறு கிலோ விசை காணாமல் போய்விட்டது. 4.88 அச்சு 4.39 அச்சுபோல நடந்துகொள்ளும். டாப் கியரில் எஞ்சின் திணறும், லோவில் வண்டி முன்பைவிட வேகமாக ஊரும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

மருந்து அச்சுக்குள் இருக்கிறது. 4.88ஐ எடுத்துவிட்டு 5.38 கிரௌன்-பினியனைப் போட்டால், 80 செ.மீ. டயரோடு அது பழைய வண்டியின் 4.84க்குச் சமமாக நடக்கும். இழந்தது கிட்டத்தட்ட முழுதும் திரும்பிவிட்டது. ஆனால் பின்னச்சில் மட்டும் மாற்றிவிட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் '4'ஐப் போட்ட முதல் நாளே மாட்டிக்கொள்வார்கள். முன்னச்சு 4.88, பின்னச்சு 5.38 என்றால் நேர்ச்சாலையிலும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓட அடம்பிடிக்கும். பகிர்வுப் பெட்டி நடுவில் கிடந்து நொறுங்கும். முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு ஜோடி வாங்கியே ஆக வேண்டும். பழைய சாமான் கடையில் எடுப்பதென்றால் பினியனில் 8, கிரௌன் வீலில் 43 இருக்கிறதா என்று இரண்டு ஜோடியிலும் விரல்விட்டு எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.